பயோஃபில்ம் வச்சு தண்ணில இருக்கற ஹெவி மெட்டல எடுக்கலாம், ஆனா ஏரில பவுடர் தூவி இல்ல

கேள்வி சுருக்கமா இதுதான்: ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஏரி, தண்ணில குரோமியம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, ஒருத்தர் வந்து இந்த பாக்டீரியா கல்ச்சர் பவுடர தூவுனா போதும், அது பயோஃபில்ம் ஆகி மெட்டல மொத்தமா தின்னு தீத்துடும்னு சொல்றார், ஊர்ல காசு வசூல் பண்ணி வாங்கலாமா வேணாமா.

வாங்காதீங்க. ஆனா காரணம் நீங்க நினைக்கறது இல்ல. பயோஃபில்ம் டுபாக்கூர் விஷயம் கிடையாது, 1980-கள்ல இருந்தே பெரிய ஆலைகள்ல ஓடிட்டு இருக்கற டெக்னாலஜி. பிரச்சனை "தின்னு தீத்துடும்"ங்கறதுல தான் இருக்கு. டீசலோ பீனாலோ கொட்டிடுச்சுன்னா பாக்டீரியா அத நிஜமாவே தின்னு கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாத்திடும், அப்புறம் அந்த பொருளே இருக்காது. குரோமியம், காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாம் தனிமம், எந்த பாக்டீரியா வந்தாலும் அத அழிக்க முடியாது. கரைஞ்சு இருந்தத கரையாததா மாத்தலாம், தண்ணில இருந்தத வேற எதுலயாவது ஒட்ட வைக்கலாம், அவ்ளோதான். அதனால மெட்டல் போகுமாங்கறத விட்டுட்டு, எங்க போகும், போன எடத்துல இருந்து அத யாரு எடுப்பாங்கன்னு கேளுங்க. கீழ நான் எழுதப்போறது எல்லாமே இந்த ஒரு கேள்விய சுத்தி தான்.

பயோஃபில்ம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மாடில இருக்கற தண்ணி டேங்க்க ரொம்ப நாள் கழுவாம விட்டா உள் சுவர்ல வழுவழுன்னு ஒண்ணு படியுமே, அது தான். காலைல பல்லு மேல நாக்க வச்சு தடவுனா தெரியறதும் அது தான். பாக்டீரியா தனித்தனியா நீந்திட்டு இருக்காம ஒரு பரப்பு மேல ஒட்டிக்கிட்டு, தன்ன சுத்தி ஒரு பிசின் மாதிரி பொருள சுரந்து அதுக்குள்ள கூட்டமா வாழுது. அந்த பிசின்ல சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செல்லுக்கு வெளிய கெடக்கற டிஎன்ஏ எல்லாம் இருக்கும், நிறைய பயோஃபில்ம்கள்ல உலர்ந்த எடைல 90 சதவீதத்துக்கு மேல இந்த பிசின் தான், பாக்டீரியா செல் பத்து சதவீதம் கூட தேறாது. மெட்டல் விஷயத்துல முக்கியமானது என்னன்னா இந்த பிசின்ல கார்பாக்சில், பாஸ்பேட், சல்ஃபைட்ரில்னு நெகட்டிவ் சார்ஜ் உள்ள இல்லன்னா மெட்டல இறுக்கிப் புடிக்கற குரூப்புங்க நிறைய இருக்கு, மெட்டல் அயனி பெரும்பாலும் பாசிட்டிவ் சார்ஜ், அதனால வந்து ஒட்டிக்கும். இன்னொண்ணு, பிசினுக்குள்ள இருக்கற பாக்டீரியாவுக்கு விஷம் மெதுவா தான் போய் சேரும், அதனால தண்ணில தனியா மிதக்கற பாக்டீரியா செத்துப்போற அளவு மெட்டல் இருந்தாலும் பயோஃபில்ம் தாக்கு பிடிக்கும். பரப்புல ஒட்டி இருக்கறதால தண்ணி ஓட்டத்துல அடிச்சுட்டும் போகாது.

இப்ப மெட்டல் எப்படி எல்லாம் மாட்டுதுன்னு பாக்கணும், ஏன்னா எல்லாத்தையும் ஒரே பேர்ல கலந்து பேசறதுல தான் பாதி ஏமாத்து வேலை நடக்குது.

முதல் வகை சும்மா ஒட்டிக்கறது, பயோசார்ப்ஷன். இதுக்கு பாக்டீரியா உயிரோட கூட இருக்க வேணாம், செத்த பயோமாஸ் போதும். காலேஜ் ப்ராஜெக்ட்ல, பேப்பர்ல எல்லாம் அதிகம் வர்றது இது தான். ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒரு கிராம் உலர்ந்த பயோமாஸ் 20 மில்லிகிராம் மெட்டல் புடிக்கும்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் தண்ணி, லிட்டருக்கு வெறும் 1 மில்லிகிராம் மெட்டல்னா மொத்தம் 1 கிலோ மெட்டல், அத புடிக்க தினமும் 50 கிலோ உலர்ந்த பயோமாஸ் வேணும், ஈரத்தோட பாத்தா அதோட பல மடங்கு. அது நிரம்புனதும் ஆசிட் விட்டு கழுவி மறுபடி யூஸ் பண்ணணும், இல்ல விஷக்கழிவா கொட்டணும். இதுல தண்ணில கால்சியம், மக்னீசியம் மெட்டல விட ஆயிரம் மடங்கு இருந்துச்சுன்னா அதுங்களும் எடத்துக்கு போட்டி போடும், பிஹெச் ரொம்ப கீழ இருந்தா ஹைட்ரஜன் அயனியே எல்லா எடத்தையும் பிடிச்சுக்கும். 1980-90கள்ல அல்காசார்ப், பயோகிளைம்னு சில கம்பெனி சரக்கு அமெரிக்கால வந்துச்சு, நல்லா வேலையும் செஞ்சுது, ஆனா சாதாரண அயான் எக்ஸ்சேஞ்ச் ரெசினோட (மெட்டல் அயனிய புடிச்சுக்கிட்டு வேற அயனிய விடற செயற்கை பிசின் மணிங்க) போட்டி போட முடியாம மார்க்கெட்ல நிக்கல. என்ன கேட்டா, மெட்டல் விஷயத்துல வெறும் ஒட்டிக்கறத நம்பி யாராவது வந்தா அப்பவே எந்திரிச்சு வந்துடலாம்.

உயிரோட இருக்கற பயோஃபில்ம் வேற ஆட்டம். அங்க பாக்டீரியா தன்னோட வேதியியல வச்சு மெட்டல வேற வடிவமா மாத்துது, தன் வேலைய திரும்பத் திரும்ப செய்யும், ஸ்பாஞ்ச் மாதிரி நிரம்பிப் போகாது, சாப்பாடு குடுத்துட்டே இருந்தா போதும். இதுல ரொம்ப ஜெயிச்சது சல்ஃபேட் ரெட்யூசிங் பாக்டீரியா. சாக்கடைல அழுகுன முட்டை நாத்தம் வருதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அத உண்டாக்கற கூட்டம் இதுங்க தான். ஆக்சிஜன் இல்லாத எடத்துல சல்ஃபேட்ட சுவாசிச்சு சல்ஃபைடா விடும், அந்த சல்ஃபைடு துத்தநாகம், காட்மியம், தாமிரம், ஈயம் எதோட சேந்தாலும் தண்ணில சுத்தமா கரையாத உப்பா கீழ இறங்கிடும். சுண்ணாம்பு போட்டு ஹைட்ராக்சைடா இறக்கறத விட சல்ஃபைடா இறக்குனா தண்ணில மிச்சம் நிக்கற மெட்டல் ரொம்ப ரொம்ப கம்மி.

நெதர்லாந்துல பூடெல்னு ஒரு ஊர், அங்க பெரிய துத்தநாக ஆலை இருக்கு. பல வருஷமா ஆலைக்கு அடில நிலத்தடி தண்ணி துத்தநாகமும் சல்ஃபேட்டுமா கெட்டுப் போயிருந்துச்சு. 1992-ல பாக்ஸ்னு ஒரு தண்ணி சுத்திகரிப்பு கம்பெனி அங்க ஒரு பிளான்ட் போட்டாங்க, நிலத்தடி தண்ணிய மேல எடுத்து, எத்தனால் ஊத்தி சல்ஃபேட் பாக்டீரியாவ வளத்து, துத்தநாகத்த துத்தநாக சல்ஃபைடா இறக்கி, மிச்சம் இருக்கற சல்ஃபைட இன்னொரு டேங்க்ல ஒட்டி வளர்ற பாக்டீரியாவ வச்சு வெறும் கந்தகமா மாத்திடுவாங்க. முதல் டேங்க்ல இருக்கறது பரப்புல ஒட்டின படலம் இல்ல, பாக்டீரியா தனக்குத்தானே உருண்டை உருண்டையா சேந்துக்கற ரகம், ஆனா குணம் எல்லாம் பயோஃபில்ம் தான். எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா, கீழ இறங்குன துத்தநாக சல்ஃபைடு எங்க போச்சு தெரியுமா, அதே ஆலையோட உலைக்கு. துத்தநாகத் தாதுவே துத்தநாக சல்ஃபைடு தானே, கழிவுல இருந்து எடுத்தத தாதுவோட தாதுவா சேத்து மறுபடி துத்தநாகம் எடுத்துட்டாங்க. மெட்டல் எங்க போகும்ங்கற கேள்விக்கு இத விட சுத்தமான பதில் நான் பாத்ததில்ல. ஆனா இது ஏன் முடிஞ்சுதுன்னா பக்கத்துலயே துத்தநாக ஆலை இருந்துச்சு, எல்லா ஊர்லயும் அது இருக்காது.

அமெரிக்கால சவுத் டகோட்டால ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம், 1984-ல இருந்து 48 சுத்தற வட்டுத் தொகுதிகள வச்சு ஒரு பிளான்ட் ஓட்டுனாங்க. வட்டு பாதி தண்ணிக்குள்ள பாதி காத்துல சுத்திட்டே இருக்கும், அது மேல பயோஃபில்ம். தங்கம் எடுக்க சயனைடு போடுவாங்க, அந்த சயனைடு தாமிரம், இரும்பு, துத்தநாகத்த கட்டிப் புடிச்சுட்டு கரைஞ்சே இருக்கும், சாதாரணமா இறக்க முடியாது. இங்க பாக்டீரியா சயனைட உடைச்சு சாப்பிட்டுடும், கைவிடப்பட்ட மெட்டல் பயோஃபில்ம்லயே ஒட்டிக்கும், பயோஃபில்ம் தடிச்சு உதிரும்போது ஸ்லட்ஜா, அதாவது சேறு மாதிரி கழிவா, பிரிச்சு எடுத்துடுவாங்க. வெளிய விட்டது ட்ரௌட் மீன் வாழற வைட்வுட் ஓடைக்கு, ட்ரௌட் கொஞ்சம் விஷம் இருந்தாலும் தாங்காது, அதனால இது சும்மா ரிப்போர்ட்ல காட்டற வெற்றி இல்ல.

பாதரசத்துக்கு ஜெர்மனிக்காரங்க பண்ணது இன்னும் அழகு. குளோர்-அல்கலி ஆலைங்க, அதாவது உப்புத்தண்ணில கரண்ட் விட்டு குளோரின் எடுக்கறவங்க, பழைய முறைல பாதரசத்த எலக்ட்ரோடா வச்சிருந்தாங்க, கழிவுல பாதரசம் வரும். சில பாக்டீரியாகிட்ட மெர்குரிக் ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, கரைஞ்ச பாதரச அயனிய வெறும் திரவ பாதரசமா மாத்திடும், அது தண்ணில கரையாது. பிரௌன்ஷ்வைக்ல இருந்த பயோடெக்னாலஜி ஆராய்ச்சி மையத்துல இந்த பாக்டீரியாவ துளை துளையா இருக்கற கேரியர் மேல பயோஃபில்மா வளத்து, 700 லிட்டர் டேங்க்ல அடைச்சு, நிஜ ஆலையோட கழிவுத்தண்ணிய அதுக்குள்ள விட்டாங்க. பாதரசம் குட்டி குட்டி உருண்டையா டேங்க்குக்குள்ளயே தங்கிடுச்சு. கடைசில ஒரு கார்பன் ஃபில்டரும் வச்சு, வெளிய விடலாம்னு அங்க சட்டம் சொல்ற லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவுக்கு கீழ கொண்டு வந்தாங்க. கவனிங்க, கார்பன் ஃபில்டர் வச்சாங்க. பயோஃபில்ம் ஒத்தையா கடைசி வரைக்கும் இழுக்கும்னு அவங்களே நம்பல, நிஜத்துல வேலை செய்யற எல்லா பிளான்ட்டும் இப்படி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வச்சுத்தான் ஓடுது.

பெல்ஜியத்துல இன்னொரு ரகம். 1976-ல ஒரு துத்தநாக ஆலையோட கழிவுக் குட்டைல இருந்து எடுத்த பாக்டீரியா, இப்ப அதுக்கு பேரு குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ், பழைய பேப்பர்ல தேடறவங்க ஆல்கலிஜீன்ஸ், ரால்ஸ்டோனியான்னு தேடுங்க, பேர மாத்திட்டே இருந்தாங்க. இத மணல் மேல பயோஃபில்மா வளத்து, மணல் ஃபில்டர் வழியா மெட்டல் தண்ணிய மேல் நோக்கி விடுவாங்க. ஃபில்டர் அடில இருக்கற மணல காத்து அடிச்சு ஒரு குழாய் வழியா மேல தூக்கிட்டே இருப்பாங்க, தூக்கறப்ப மணல் ஒண்ணோட ஒண்ணு உரசி மெட்டல் ஏறுன மேல் படலம் உதிந்து தனியா ஸ்லட்ஜா போயிடும், மிச்ச பயோஃபில்மோட மணல் மறுபடி மேல விழும். பழைய படலம் போயிட்டே இருக்கு, புதுசு வளந்துட்டே இருக்கு, நிறுத்தாம ஓடும். இந்த பாக்டீரியா பத்தி மாணவர்கள் அடிக்கடி தப்பா புரிஞ்சுக்கற ஒண்ணு இருக்கு. மெட்டல தாங்கற பாக்டீரியான்னா மெட்டல உள்ள சேத்து வைக்கும்னு நினைச்சுக்கறாங்க. இது அதுக்கு நேர் எதிர், உள்ள வந்த காட்மியம், துத்தநாகம், கோபால்ட்ட பம்ப் வச்சு வெளிய தள்ளுது, அதனால தான் சாகாம இருக்கு. வெளிய தள்ளும்போது செல்லுக்கு பக்கத்துல பிஹெச் ஏறுது, அங்க மெட்டல் கார்பனேட்டா படிஞ்சுடுது, நமக்கு பயன் அந்த படிவுல தான். சும்மா தாங்கும் திறன் டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு நம்ம ஸ்ட்ரெயின் 500 பிபிஎம் வரைக்கும் வளருதுன்னு எழுதுனா அது மெட்டல எடுக்குதுன்னு அர்த்தம் ஆகாது.

சரி, குரோமியத்துக்கு வருவோம், உங்க ஊர் பிரச்சனை அது தானே. இங்க ரெண்டு வடிவ குரோமியம் இருக்கு, எத்தன எலக்ட்ரான இழந்திருக்குன்னு பாத்து மூணு, ஆறுன்னு சொல்லுவாங்க, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. தோல் ஷாப்ல பதனிட போடறது குரோமியம் மூணு, பேசிக் குரோமியம் சல்ஃபேட். அத எடுக்க பாக்டீரியாவே வேணாம், மெக்னீசியம் ஆக்சைடோ சுண்ணாம்போ போட்டு பிஹெச் 8-9க்கு ஏத்துனா கீழ இறங்கிடும், அத கந்தக அமிலத்துல கரைச்சு மறுபடி பதனிட யூஸ் பண்ணலாம், குரோம் ரெக்கவரி யூனிட்னு நிறைய இடத்துல இருக்கு. ஆபத்தானது குரோமியம் ஆறு, ஹெக்ஸாவேலன்ட், மஞ்சளா கரைஞ்சு ஓடும், பெரும்பாலும் மண்ணுல நிக்காம நிலத்தடி தண்ணிக்கு போயிடும், கேன்சர் உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-கள் நடுவுல மூடுறப்ப வெட்டவெளில விட்டுட்டு போனது இந்த ரகம், 2 லட்சம் டன்னுக்கும் மேல கழிவு. 2006-ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்ங்கற அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து இடம் பட்டியல்ல ராணிப்பேட்டையும் இருந்துச்சு. குரோமைட் தாதுவ சோடா, சுண்ணாம்போட வறுத்து குரோமேட் எடுத்த மிச்சம் அது, மழை பெய்யறப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுட்டே இருக்கும்.

குரோமியம் ஆறுக்கு பாக்டீரியா நல்லாவே வேலை செய்யும். நிறைய பேசில்லஸ், சூடோமோனாஸ் வகைங்க அத குரோமியம் மூணா குறைச்சுடும், மூணு நடுநிலை பிஹெச்ல ஹைட்ராக்சைடா படிஞ்சு நகராம நிக்கும். ஐஐடி மெட்ராஸ்ல அந்த ராணிப்பேட்டை மண்ணுல இருந்தே பாக்டீரியாவ பிரிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, நிலத்தடி தண்ணி ஓடற பாதைல குறுக்க பாக்டீரியா தடுப்பு மாதிரி வச்சு பைலட் அளவுல ஓட்டியும் பாத்திருக்காங்க. அதாவது நம்ம மண்ணுலயே அந்த பாக்டீரியா இருக்கு. அப்ப ஏன் அது தானா வேலை செய்யல? சாப்பாடு இல்ல. குரோமியம் ஆற குறைக்க எலக்ட்ரான் வேணும், அது மொலாசஸ் மாதிரி கார்பன் பொருள்ல இருந்து வரணும், ஆக்சிஜன் கம்மியா இருக்கணும், பிஹெச் ரொம்ப ஏறி இருக்கக்கூடாது. பாக்கெட்ல வர்ற பவுடர் இதுல எதையும் சரி பண்ணாது, வெளில இருந்து வந்த பாக்டீரியா உள்ளூர் பாக்டீரியாகிட்ட தோத்துட்டு சில வாரத்துல காணாம போயிடும்.

மண்ணுக்குள்ள நிலைமை மாறுனா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்கால கொலராடோ ரைஃபில்ல நடந்தத பாருங்க. பழைய யுரேனிய ஆலை இருந்த எடம், நிலத்தடி தண்ணில யுரேனியம். 2002-ல அசிட்டேட்ட நிலத்துக்குள்ள செலுத்துனாங்க, ஜியோபாக்டர் பாக்டீரியா பெருகுச்சு, கரைஞ்ச யுரேனியம் ஆறு கரையாத யுரேனியம் நாலா மாறுச்சு, சில வாரத்துல அளவு நல்லா இறங்குச்சு. ஆனா ஜியோபாக்டர் சுவாசிக்கற இரும்பு தீர ஆரம்பிச்சதும் அது எடத்த சல்ஃபேட் பாக்டீரியா புடிச்சுக்கிச்சு, யுரேனியம் மறுபடி ஏற ஆரம்பிச்சுது. யுரேனியம் அங்கயே மண்ணுல தான இருக்கு, ஆக்சிஜன் வந்தா திரும்ப கரையும். குரோமியமும் அப்படித்தான், மண்ணுல மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தா மூண மறுபடி ஆறா மாத்த அதால முடியும், மெதுவா நடக்கும், ஆனா நடக்கும்.

ஏரிக்கு வருவோம். ஏரில நீங்க என்ன தூவுனாலும் மெட்டல் போய் சேரப்போற எடம் அடி சேறு. தண்ணி டெஸ்ட் எடுத்தா குறைஞ்சு தெரியும், எல்லாரும் கைதட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க. கோடைல ஏரி வத்தி சேறு காஞ்சு வெடிக்கும்போது, இல்ல வண்டல் மண்ண வயலுக்கு அள்ளிட்டு போறப்போ அந்த மெட்டல் எல்லாம் கூடவே போகும். பாதரசம் கலந்த ஏரியா இருந்தா இன்னும் மோசம், ஆக்சிஜன் இல்லாத சேத்துல சல்ஃபேட் பாக்டீரியாவும் இரும்ப சுவாசிக்கற பாக்டீரியாவும் பாதரசத்த மீத்தைல் பாதரசமா மாத்தும், அது மீன்ல ஏறும், மீன்ல இருந்து மனுசனுக்கு ஏறும். அங்க போய் பாக்டீரியாவுக்கு தீனி போட்டு வளக்கறது நல்லது பண்றேன்னு விஷத்த ஏத்திவிடற வேலை. மெட்டல் இருக்கற ஏரிக்குன்னு இல்ல, பொதுவாவே இந்த ஈஎம் உருண்டை (நுண்ணுயிர் கல்ச்சர் கலந்து உருட்டுன மண் உருண்டை) வீசற விழா மேல எனக்கு பெரிய மரியாதை கிடையாது, சாக்கடை வர்றத நிறுத்தாம உருண்டை வீசி என்ன பண்றது.

பயோஃபில்ம் எங்க போடணும்னா மெட்டல் தண்ணி ஏரில கலக்கறதுக்கு முன்னாடி, ஒரு டேங்க்குக்குள்ள, உள்ள வர்ற தண்ணி இவ்ளோ வெளிய போற தண்ணி இவ்ளோன்னு அளக்க முடியற எடத்துல, உதிர்ற ஸ்லட்ஜ எடுக்க ஒரு வழியோட. உங்க ஊர்ல கசிவு எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரிஞ்சா அந்த வாய்க்கால்லயோ போர்லயோ தான் வேலை. அந்த ஸ்லட்ஜ் ஆபத்தான கழிவு, கும்மிடிப்பூண்டில அதுக்குன்னு பாதுகாப்பான லேண்ட்ஃபில் இருக்கு, அங்க போகணும், அதுக்கான செலவையும் முதல்லயே கணக்குல சேக்கணும், நிறைய திட்டம் இந்த ஒரு வரி இல்லாமலே கையெழுத்து ஆயிடுது.

பவுடர் விக்கறவர் 95 சதவீதம் எடுக்கும்னு லேப் ரிப்போர்ட் காட்டுவார். சதவீதத்த பாக்காதீங்க, மிச்சம் எவ்ளோன்னு பாருங்க. லிட்டருக்கு 100 மில்லிகிராம்ல 95 சதவீதம் போனா 5 மில்லிகிராம் நிக்குது, ஆனா நதி, ஏரில விட ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு நம்ம நாட்டு அளவு 0.1 மில்லிகிராம், இன்னும் 50 மடங்கு மேல. குடிக்கறதுக்கு மொத்த குரோமியமே 0.05 தான். அந்த லேப் டெஸ்ட்டும் டிஸ்டில்டு வாட்டர்ல ஒரே ஒரு மெட்டல கரைச்சு 30 டிகிரில பண்ணதா இருக்கும், உங்க தண்ணில உப்பு, சல்ஃபைடு, டேனின், எண்ணெய்னு எல்லாம் இருக்கும்.

நீங்க உண்மைலயே காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல டெஸ்ட்டுக்கு பண்ணுங்க. அங்கீகாரம் உள்ள லேப்ல குடுங்க, மொத்த குரோமியம் தனியா, ஹெக்ஸாவேலன்ட் தனியா கேளுங்க. ஹெக்ஸாவேலன்ட் சேம்பிள எடுத்த உடனே ஐஸ் பெட்டில வச்சு அன்னிக்கே லேப்ல சேத்துடுங்க, மொத்த குரோமியத்துக்கு போடற ஆசிட்ட அந்த பாட்டில்ல போட விடாதீங்க, ஆறு மூணா மாறி ரிசல்ட் கம்மியா காட்டும். தண்ணிய வடிகட்டி ஒண்ணு, வடிகட்டாம ஒண்ணு குடுத்தா எவ்ளோ கரைஞ்சு இருக்கு, எவ்ளோ தூளா மிதக்குதுன்னு தெரியும். கூடவே அடி சேறு ரெண்டு மூணு எடத்துல எடுங்க, வாய்க்கால் வந்து சேர்ற மூலைல ஒண்ணு கண்டிப்பா. அந்த ரிப்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல மனு குடுங்க, பவுடர்காரர் அடுத்த தடவை வந்தா அவர்கிட்டயும் அதே ரிப்போர்ட்ட காட்டி சேத்துல இருக்கற நம்பர் எப்படி இறங்கும்னு கேளுங்க.